முத்துச்செல்வம் எடுத்த நீர்மாலை

முத்துச்செல்வம் மூன்றாவது முறை எடுத்துவந்த நீர்மாலைக் குடத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சித்தாற்றில் அன்றைக்கு இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ஆற்றில் முக்கும்போது குடம் தளும்பத்தான் செய்தது. கொட்டுச் சத்தத்தோடு தென்காசித் தெருவுக்குள் நுழையும்போது தலையில் கனம் குறைந்தது. பிணத்தைக் குளிப்பாட்டக் குடத்தை இறக்கினால், அடுப்பில் வைத்து எடுத்தது போலக் காய்ந்து கிடந்தது.

செத்துக் கிடந்தவர் கடற்கரை அண்ணாச்சி. குற்றாலத்து மலையடியில் ஒரு ரிசார்ட், தன் விருந்தாளிகளுக்குத் தனி அருவி வேண்டுமென்று ஓடையை மறித்துக்கொண்டது. இலத்தூர்ப் பக்கம் வயல்கள் வெடித்தன. பத்தொன்பது வருஷம் அண்ணாச்சி திங்கட்கிழமை தவறாமல் மனு கொடுத்தார், கோர்ட்டில் வழக்கு நடத்தினார், இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனார், லாரி தட்டி நொண்டியானார். அத்தனைக்கும் கூட நின்றவர் முத்துச்செல்வம். மனு எழுதவும், அதிகாரியைக் கும்பிடாமல் பேசவும் அவருக்குக் கற்றுத் தந்ததே அண்ணாச்சிதான். தன் டைரியிலும் எழுதி வைத்திருந்தார்: எனக்கு நீர்மாலை முத்துதான் எடுக்க வேண்டும், வேறு யார் எடுத்தாலும் என்னைக் குளிப்பாட்டக் கூடாது.

அதை எழுதியபோது முத்துச்செல்வத்தின் மகன் அருண்பாண்டி போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கவில்லை. தேர்வான பிறகு ரிசார்ட் ஆள் ஒருவர் வீடு தேடி வந்தார். "பையனுக்கு வெரிஃபிகேஷன் வருது. அப்பன் மேல ஒரு கேஸ் விழுந்தா என்னாவும்னு ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். முத்துச்செல்வத்தின் மனைவி மாடத்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். மறுவாரம் முத்துச்செல்வம் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்: எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஓடையில் தண்ணீர் ஓடியதே இல்லை. வழக்கு அன்றோடு முடிந்தது. வராந்தாவில் நின்று அண்ணாச்சி அந்தக் காகிதத்தின் நகலை இரண்டு முறை படித்தார்.

"எழுத்து நல்லாருக்குலே முத்து. ஒரு பிழை இல்ல," என்றார். பதினாறாம் நாள் செத்துப்போனார்.

பொழுது சாயப் பார்த்தது. அண்ணாச்சியின் மகள் ஆனந்தவள்ளி குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "கோர்ட்டுல சித்தப்பா எழுதிக் குடுத்தது நெசந்தான் போலுக்கு. சித்தாத்துலயும் தண்ணி ஓடல, பாருங்க," என்றாள், தெருவே கேட்கும்படி. டைரியை மீற ஒருவருக்கும் தைரியமில்லை. அண்ணாச்சியை உலர்ந்த துண்டால் துடைத்துத் தூக்கிப் போனார்கள். முத்துச்செல்வத்தைத் தோள் கொடுக்க விடவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர் அவரைக் கண்டால் ஒதுங்குகிறது. பேரருவியில் நின்றால் இருபுறமும் நிற்பவர்கள் நனைவார்கள், அவர் சட்டையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாது. மாடத்தி தன் கையால் ஊற்றினால் மட்டும் தொண்டையில் இறங்கும். குளத்தங்கரைப் பக்கம் வந்துவிடாதீர்கள் என்று இலத்தூர்க்காரர்கள் கைகூப்பிச் சொல்லிவிட்டார்கள். அருவிக்கரை பந்தோபஸ்துக்கு வந்த மகன், "வேடிக்க பாக்கக் கூட்டம் சேருதுப்பா, வீட்டுக்குப் போங்க," என்று லத்தியால் வழி காட்டினான்.

ரிசார்ட்காரர்களுக்கு மட்டும் அவரால் உபயோகம் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை நீச்சல்குளத்தைக் கழுவ வேண்டும். மோட்டார் வைத்து இறைத்தால் ஒரு பகல் போய்விடும், அவர் இறங்கி நின்றால் கால் மணி நேரம். முதல் தடவை மாட்டேன் என்றார். மகனுடைய டிரான்ஸ்பர் பற்றிப் பேச்சு எடுத்தார்கள். போனார்.

இந்த வருஷம் ரிசார்ட் கார் வந்தது அண்ணாச்சியின் திதியன்று. நீச்சல்குளத்தின் நடுவில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, என்னய மன்னிச்சிருங்க," என்று வாய்விட்டுச் சொன்னார். அழுதால் நெஞ்சு ஆறும் என்று வெகுநேரம் முயன்றார். கண்ணிலும் தண்ணீர் வரவில்லை. சுவரில் இருந்த பாசி காய்ந்து உதிர்ந்தது.

"போதும் அண்ணாச்சி, ஏறி வாங்க. டைல்ஸ் காஞ்சு விரிசல் விட்டுரும்," என்றார் மேலே நின்ற மேனேஜர்.

முத்துச்செல்வம் ஏணியைப் பிடித்து ஏறி வந்தார்.