கரண்டி போட்ட கையெழுத்து

திங்கட்கிழமை அடையாறில் புது வேலையில் சேர வேண்டிய ஹம்சாவின் பெயரில், புதன்கிழமை காலை கம்ப்யூட்டரில் நானூற்று முப்பத்தொரு பிரச்சினைத் தாள்கள் திறந்து கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை. எழுதியது கரண்டி.

கரண்டி அவள் செய்த புரோகிராம்தான். 1998-இல் பாண்டி பஜாருக்குப் பின்னால், கீழே பாத்திரக் கடையும் மேலே ட்ரைடெக்கா சிஸ்டம்ஸுமாக இருந்த கட்டடத்தில், இரண்டாயிரம் பிறக்கும்போது உலகம் நின்றுவிடாமல் காப்பாற்றும் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய புரோகிராம்கள், இருநூற்றுப் பன்னிரண்டு தொகுப்புகள். எல்லாவற்றிலும் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கரண்டி தினமும் மதியம் ஒன்றரைக்கு, அமெரிக்கா தூங்கும் நேரமாகப் பார்த்து, அத்தனை தொகுப்புகளுக்குள்ளும் இறங்கிக் கிண்டும். வருஷத்தை நாலு இலக்கமாக்கும். ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் 'திருத்தியவர்' என்று ஒரு பெயரைப் போடும். சந்தேகம் வந்தால் திருத்தாமல் ஒரு பிரச்சினைத் தாளைத் திறந்து அதே பெயருக்கு அனுப்பிவிடும். ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே என்று முதல்நாள் சோதனைக்கு ஹம்சா தன் பெயரைப் போட்டாள். அப்புறம் மாற்ற மறந்தாள்.

கரண்டிக்கோ சந்தேகப் புத்தி. 'டேட்' என்று முடியும் எதைக் கண்டாலும் மிரளும். ஒரு பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் 'கேண்டிடேட்' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம், இது எந்த வருஷத்துத் தேதி என்று விசாரித்துத் தாள் திறந்திருந்தது. ஹம்சா ஒரு நாளைக்கு நாற்பது மூடுவாள். கரண்டி அறுபது திறக்கும்.

"நிறுத்திடலாமே சார்?" என்று போன மாதமே கேட்டாள்.

"நிறுத்தறதா? கண்டுபிடிச்ச பிரச்சினைகள் கிராஃப் எப்படி ஏறிண்டிருக்கு பார்த்தியோ? சிகாகோவுல அசந்துபோயிட்டா" என்றார் வேம்பு.

வேம்பு தரப்பிரிவின் தலைவர். தரச் சான்றிதழுக்காக இருநூறு பக்கக் கையேடு எழுதியவர். அதன் ஏழாம் விதி: தன் பெயரில் திறந்த தாள் உள்ள எவரும், அதை மூடும்வரை, கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட முடியாது. சான்றிதழ் கொடுக்க வந்தவர், "எல்லோருக்குமா?" என்று கேட்டபோது, "எனக்கும்" என்று மார்பில் கைவைத்துச் சொன்னார். அந்தப் புகைப்படம் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

பொறுப்பை ஒப்படைத்ததாக ஹம்சா கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும். லெட்டர் இல்லாமல் வந்தால் வேலையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அடையாறில் இருமுறை சொல்லிவிட்டார்கள்.

"இன்னா ஹம்சா, நம்பர் ஏறிக்கினே கீது?" என்றான் பக்கத்து நாற்காலி ஷோயப். "ரிட்டயர் ஆகித்தான் போவே போல."

"வாயை மூடு. வழி சொல்லு."

"கரண்டில உன் பேரை எடுத்துட்டு வேற பேரைப் போடு. தாளெல்லாம் பேருக்குப் பின்னாடியே போயிடும்."

"யாரு மாட்டிப்பா?"

"பேருக்கு அலையறவன் எவனோ அவன்."

இருவரும் ஒரே நேரத்தில் வேம்புவின் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்கு ஹம்சா உள்ளே போனாள். "சார், அடுத்த மாசம் சிகாகோ பார்ட்டி வர்றாங்க. எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் மேல என் பேர்தான் இருக்கு. ஆறாயிரம் புரோகிராம். நானோ போகப்போறவ. நல்லா இருக்காது."

வேம்பு நாற்காலியில் நிமிர்ந்தார். "ஆறாயிரமா?"

"ஆறாயிரத்து எண்பது."

"எனக்குப் பேர்மேல ஆசையே கிடையாதும்மா. ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கோல்லியோ. தலைமைன்னா பொறுப்பை ஏத்துக்கணும்." பெயர் மாற்றப் படிவத்தை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். "இனிஷியல் விட்டுப்போகாம பார்த்துக்கோ."

ஒன்றரைக்குக் கரண்டி ஓடியது. ஆறாயிரத்து எண்பது தலைகளிலும் இனிஷியலோடு வேம்பு ஏறினார். ஹம்சாவின் திரையில் பூஜ்யம். அவள் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ஷோயப் தன் டப்பா பிரியாணியிலிருந்து பெரிய கறித்துண்டாக எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, "உனக்காகச் சாப்பிடறேன்" என்றான்.

மறுநாள் காலை பர்சனல் பிரிவு ஜஹீதா அவளைக் கூப்பிட்டாள். "உன் லாகினை மூடிட்டேன். லெட்டரும் ரெடி. ஆனா பிரிண்ட் ஆகல."

"ஏன்?"

"கையெழுத்துப் போடறவர் பேரைக் கேட்டுச்சு. வேம்பு சார்னு அடிச்சேன். அவர் பேர்ல நானூத்தித் தொண்ணூத்தி நாலு தாள் தொறந்திருக்காம்."

ஹம்சா அப்படியே உட்கார்ந்தாள். "வேற யாராவது போடக் கூடாதா?"

"தரப்பிரிவுத் தலைவர் மட்டுந்தான்னு கையேட்டுல அவரே எழுதி வெச்சிருக்காரு. விதியை மாத்தவும் அவர்தான் கையெழுத்துப் போடணும். கரண்டியை நிறுத்தவும் அவர்தான்." ஜஹீதா குரலைத் தாழ்த்தினாள். "நான் அவர்கிட்ட சொல்லல. நீயே சொல்லு."

சொன்னாள். வேம்பு முதலில் சிரித்தார். பிறகு கையேட்டை எடுத்து ஏழாம் விதியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி படித்தார். நன்றாகவே எழுதியிருந்தார். ஓட்டையே இல்லை.

"சரி, நீ உட்கார்ந்து மூடிடு."

"எனக்கு லாகின் இல்லை சார்."

"புதுசா கொடுக்கச் சொல்றேன்."

"அதுக்கும் உங்க கையெழுத்து வேணும்."

"என் லாகின்ல நீ தட்டேன்."

"அடுத்தவர் லாகின்ல தட்டினா ரெண்டு பேருக்கும் சஸ்பென்ஷன் சார். பதினொண்ணாம் விதி. பேர் யாரோடதோ அவங்கதான் மூடணும்."

கீழே பாத்திரக் கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். வேம்புவின் கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை ஹம்சாதான் உருவினாள். உள்ளே விசைப்பலகைகூடக் கம்பெனி வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"பாஸ்வேர்டு?"

"அது... செகரட்டரிகிட்ட இருக்கும்."

முதல் தாளை மூட இருபது நிமிஷம் ஆயிற்று. கேண்டிடேட் என்றால் தேதி அல்ல, ஆள் என்று அவரே ஒற்றை விரலால் தட்டி விளக்கம் எழுத வேண்டியிருந்தது. சுருக்கமாக எழுதி அவருக்குப் பழக்கமில்லை. "இருபத்தோராம் நூற்றாண்டின் வாசலில் நிற்கும் நாம்" என்று தொடங்கியதை ஹம்சா அழிக்கச் சொன்னாள்.

"ஆள், தேதி அல்ல. அவ்வளவுதான் சார். எண்டர் தட்டுங்க."

ஒன்றரைக்குள் பதினொரு தாள் மூடினார். ஒன்றரைக்குத் திரை ஒருமுறை இருண்டு மீண்டது.

"இப்ப எவ்வளவும்மா?"

"ஐந்நூத்தி நாற்பத்தாறு."

"நான் பதினொண்ணு மூடினேனே?"

"மூடினீங்க சார். புதுசா அறுபத்துமூணு வந்திருக்கு."

வேம்பு அவளைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். வியாழன். வெள்ளி ஒரு நாள். சனிக்கிழமை ஆபீஸைத் திறந்துவைக்க எவர் கையெழுத்து வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"எண்டர் எங்கே இருக்குன்னு சொன்னே?" என்றார்.

ஹம்சா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.