பதினான்கு டிகிரித் தொப்பி

அந்த அலுவலகக் கட்டடத்தில் காலை ஏழு மணிக்குத்தான் ஹீட்டரில் சூடு வரும். துப்புரவு செய்கிறவர்களோ நாலரைக்கே உள்ளே போய்விடுவார்கள். நவம்பரில் புதிய நிர்வாகம் கொண்டுவந்த சிக்கனம் அது. அவர்கள் வேலை செய்யும் நேரமெல்லாம் தாழ்வாரத்து வெப்பமானி பதினான்கு டிகிரியிலேயே நின்றது.

கட்டடம் இருந்த ஷ்லீரன் நகரில் பத்தொன்பது வருடமாகத் துப்புரவு வேலை செய்யும் இந்திரா நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதிலில்லை. மூன்றாவது எழுத அவளுக்குத் தெம்பில்லை. பழைய சாமான் கடையில் எப்போதோ வாங்கிவைத்த பின்னல் மெசினை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பூட்டினாள். வட்டமாக ஊசிகள், பக்கத்தில் ஒரு கைபிடி. சுற்றச் சுற்றக் கம்பளி குழாய்போலக் கீழே இறங்கும். ஒரு பாதியை மற்றதற்குள் மடித்து முனைகளைச் சுருக்கினால் இரட்டைத் தொப்பி. வலது தோள் கெஞ்சக் கெஞ்ச, நாலு பின்னேரங்களில் தனக்கும் கூட வேலைசெய்யும் ஆறு பேருக்குமாக ஏழு சிவப்புத் தொப்பிகள் முடித்தாள். ஏழின் நெற்றியிலும் வெள்ளை நூலால் 14 என்று தைத்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்தும் ஏழு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. தொப்பியோடு வாசல் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வை பார்க்கும் ஜனார்த்தன் ஓடிவந்தான்.

"இந்திராக்கா, என்ன இது? கழட்டச் சொல்லுங்கோ. முதலாளி இப்பவே போன் எடுத்திட்டார்."

"குளிருது, தம்பி."

"நான் உங்களுக்காகக் கதைச்சனான்தானே?"

"ஓம், கதைச்சனீ. பிறகு?"

அவன் கண்ணிலும் தூக்கம் கிடந்தது. இதைப்போல இன்னும் நாலு கட்டடம் அவன் தலையில்.

அலுவலகத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவன் தொப்பி அழகு என்று படம் எடுத்தான். நரைத்த தலைப் பெண்ணொருத்தி மட்டும் நின்று, பதினான்கு என்றால் என்ன என்று கேட்டாள். வரிசையில் நின்ற போர்த்துக்கல்காரி மரியா வெப்பமானியைக் காட்டினாள். அந்தப் பெண் கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து யாருடனோ உரத்துப் பேசிக்கொண்டே மாடியேறினாள்.

இந்திராவுக்கு வென்றமாதிரித் தெரியவில்லை. கால் கடுத்தது. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமை உள்ளே நுழைந்தபோது கட்டடம் சூடாயிருந்தது. மரியா அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். புதன்கிழமை ஜனார்த்தன் போனில் அழைத்தான்.

"அக்கா, அடுத்த கிழமையிலயிருந்து உங்களைச் சூக் நகரத்துக் கட்டடத்துக்கு மாத்தீட்டினம்."

"என்னை மட்டுமோ?"

"ஓம்." அவன் குரல் இறங்கியது. "வேண்டாமெண்டு சொல்லிப் பாத்தனான்."

சொல்லியிருப்பான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"மற்ற ஆக்களைத் தொடமாட்டினம்தானே?"

"இல்லை. அவையள் அங்கையேதான்."

"அப்ப சரி. போறன்."

அழவேண்டும் போலிருந்தது. ஆனால் குடியிருப்பின் கீழே எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் அன்று அவளுடைய முறை.

சூக்குக்குப் போன முதல்நாள் ரயிலில் இருக்கை இளஞ்சூடாயிருந்தது. இந்திரா அப்படியே கண்ணயர்ந்தாள். விழித்தபோது சூக் எப்போதோ கடந்திருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பிப்போகும் ரயிலுக்காக நடைமேடையிலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். வேலைக்குப் பிந்திவிடும் என்று அறிவிக்க வேண்டும். போன் கைப்பையில் இருந்தது. கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம் என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.