செத்தவரைக் கூட்டிவந்த பூவாத்தாள்

1958இல் சூலூர்த் திருமூர்த்திக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் நரசிம்மலுவை அடித்துக் கிணற்றில் தள்ளினார் என்பது வழக்கு. வாய்க்கால் தகராறில் இருவரும் கைகலந்த மறுநாளே நரசிம்மலு காணாமல் போயிருந்தார். பிறகு கிணற்றில் ஒரு பிணம் மிதந்தது. முகம் அழுகியிருந்ததால் சட்டையைப் பார்த்து அவர்தான் என்றார்கள். தள்ளியதைக் கண்ணால் கண்டதாக மளிகைக்கடை தம்பிதுரை சாட்சி சொன்னார்.

திருமூர்த்தி கோவைச் சிறையில் மேல்முறையீட்டுக்குக் காத்திருந்தார். அப்போது அவர் மனைவி பூவாத்தாள் வால்பாறையில் இருந்த அக்காளைப் பார்க்கப் போனாள். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நரசிம்மலு வடை தின்றுகொண்டிருந்தார்.

பூவாத்தாள் அவர் துண்டை இறுக்கிப் பிடித்தாள். “ஏனுங்க, உங்களைக் கொன்னுபோட்டாருன்னு எங்கூட்டுக்காரரைத் தூக்குல போடப் போறாங்க!”

மனைவி பங்காரம்மாவின் வாய்க்குப் பயந்து ஓடிவந்திருந்த நரசிம்மலு திகைத்துப் போனார். “அட, நான் செத்துப்போயிட்டனுங்களா? பங்காரம்மா அழுதாளுங்களா?”

“நல்லாத்தான் அழுதாங்க. பஸ்ஸுல ஏறுங்க.”

மறுவிசாரணையில் நரசிம்மலுவை நேரில் பார்த்தும் தம்பிதுரை அசரவில்லை. “இவரு உசுரோட இருக்கறதுல எனக்கும் சந்தோசந்தானுங்க. ஆனா தள்ளுனதை நான் பார்த்தேனுங்க” என்றார்.

கிணற்றில் மிதந்த பிணம் யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை. விடுதலையான திருமூர்த்தி சிறை வாசலில் நரசிம்மலுவைக் கண்டதும் அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையை இறக்கி, அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

“நூறு வருசம் நல்லா இருங்க சாமி. இனி எங்கயாச்சும் போறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க.”