வெள்ளைத்தாளில் பதினான்கு கையெழுத்து

காலை எட்டு மணிக்கு இரும்புக்கடையின் ஷட்டர் மேலே போகும். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதலாளி கல்லாவில் உட்காரும்போது முதுகு நாற்காலியைத் தொடாது. சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் எஃகு ஸ்கேல் இருக்கும். ஓர் ஆணியைக்கூட அளந்து காட்டித்தான் கொடுப்பார். கடைத்தெருவில் அவருக்கு 'ஸ்கேல் ஐயா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபது வருடமாக வியாபாரிகள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். எதிர்த்து நிற்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று குழாய் வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"பெரியவன் வெளிநாட்டுல இருக்கான், தெரியும். சின்னப் பொண்ணு என்ன பண்ணுது?"

"எலக்ட்ரிக்கல் லைன்ல இருக்கா," என்றார் ஸ்கேல் ஐயா, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டு மீட்டர் நாலு மாசமா ஓடாமக் கிடக்கு. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."

அவர் குழாயை இரண்டாம் முறை அளந்தார்.

பொய்யை அறவே வெறுத்த அந்த மனிதர் துணிந்து சொல்லிவந்த ஒரே பொய் இது. அதிலும் பாதி உண்மை இருந்தது. மகள் விளக்குகளோடுதான் வேலை செய்தாள்; ஆனால் தெருக்கோடியில் இருந்த நாடக அரங்கில். எந்தக் காட்சியில் எந்த விளக்கு, எந்த நிறத்தில், எந்த நொடியில் எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் தொழில். மூன்று தலைமுறையாக இரும்பு விற்ற குடும்பத்தில் ஒரு பெண் நாடகக் கொட்டகையில் லைட் போடுகிறாள் என்று நாலு பேர் பேசுவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அரங்கோடு பழகிய ஓரிருவருக்கு விஷயம் தெரியும்; அவர் முகம் பார்த்து அவர்களும் அதைப் பேசுவதில்லை.

அரங்கம் ஒரு காலத்தில் நகரசபையின் தானியக் கிடங்கு. சபை ஆண்டுதோறும் கொடுக்கும் மானியத்தில்தான் அதன் கூரையும், மின்சாரமும், ஏழு பேரின் சம்பளமும் ஓடின. அந்த ஏழு பேரில் மகளும் ஒருத்தி. இந்த ஆண்டு, மானியத்தை நீட்டிப்பதா, இடத்தை வண்டி நிறுத்துமிடமாக்குவதா என்று சபையில் கேள்வி எழுந்தது. வியாபாரிகளின் கருத்தைக் கேட்டு சங்கத்துக்குக் கடிதம் வந்தது.

சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வியாபார நேரத்தில் கடையை விட்டு வர முடியாதென்று பதினான்கு உறுப்பினர்களும் சங்கத்தின் வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். குப்பை அள்ளவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று எதுவானாலும் மேலே விஷயத்தை எழுதி அனுப்பிவிடுவார். என்ன எழுதினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அத்தனை நம்பிக்கை.

ஸ்கேல் ஐயா ஒரு தாளை எடுத்தார். 'பொதுப்பணத்தைப் பொழுதுபோக்குக்குச் செலவிடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வண்டி நிறுத்துமிடமே இத்தெருவின் தேவை' என்று எழுதி உறையிலிட்டு ஒட்டினார். அரங்கை மூடினால் மகள் கௌரவமான வேலைக்குப் போய்விடுவாள். தெருவுக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கடிதம் போன நாலாம் நாள், முடிவு தெரியும்வரை அரங்கைப் பூட்டிவைக்க உத்தரவு வந்தது.

மதியச் சாப்பாட்டில் மகள் சொன்னாள். "சபை கூடுறதுக்கு மூணு வாரம் இருக்குப்பா. மானியம் நின்னா ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிடுவோம். வேற ஊர்ல ஒரு கம்பெனியில ஆபீஸ் வேலை இருக்காம். என்னை வரச் சொல்றாங்க."

"அதுக்கென்ன, நல்ல வேலைதானே."

"நல்ல வேலைதான். ஆனா நான் பதினோரு வருஷம் கத்துக்கிட்டது வேற வேலை." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணமான புதுசுல நாடகம் பாத்துட்டு என் தோள்ல சாஞ்சு அழுத மனுஷன்தானே நீங்க? சும்மாவா அழ வச்சாங்க? டிக்கெட் வாங்கிட்டுத்தானே அழுதீங்க?"

"சாம்பல் நிறத்துல இருக்கு இந்தச் சோறு," என்றார் அவர். அவருக்குப் பதில் அகப்படாதபோது சோற்றின் மேல்தான் பழி விழும்.

இரண்டாம் வாரம் தேநீர்க்கடை அக்கா வந்து நின்றாள். சாயங்காலம் இரண்டு கேன் பால் போட்டவள் இப்போது அரைக் கேனில் நிறுத்திவிட்டாளாம். அடுத்து வந்தவர் தையல்காரர். நாடக உடைகளுக்காகவே வாங்கிப்போட்ட மூன்று மிஷினும் துணி போர்த்திக் கிடந்தன. தைக்க வந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் தச்சர்.

"உங்க கடைக்கே நான் வந்து பத்து நாளாச்சே, கவனிச்சீங்களா ஐயா?" என்றார் தச்சர்.

"கவனிச்சேன். உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

"எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு. உங்ககிட்ட வாங்குற கீல், திருகாணி, கயிறு, கப்பி, பெயின்ட் எல்லாம் எங்க போகுதுன்னு நெனச்சீங்க? மாசம் ஒரு மேடை கட்டிப் பிரிக்கிறேன். ஒரு மேடையில ஒரு மாளிகையே நிக்கும். அதுல பாதி உங்க கடைச் சரக்கு."

 இத்தனை வருடமாக ஸ்கேல் ஐயாவின் இரும்பு அந்த மேடைமேல் நின்றிருக்கிறது. இரும்பை விற்றவருக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தையல்காரர் பல்லைக் கடித்தார். "எவனோ வெளியூர்க்காரன் அரங்கு வேணாம்னு சபைக்கு எழுதிப் போட்டிருக்கான் ஐயா. நம்ம தெருவைப் பத்தித் தெரியாத ஜென்மம். கையில கிடைச்சா ரெண்டு வார்த்தை கேப்பேன்."

"நீங்க சங்கத்து சார்பா ஒரு கடுதாசி எழுதுங்க," என்றாள் அக்கா. "எங்களைக் கேக்கவே வேணாம். கையெழுத்துத்தான் உங்ககிட்ட இருக்கே."

அந்தச் சொல் அவர் நெஞ்சில் கூரிய ஆணியாக இறங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து சபை கூடும் நாள்வரை யார் முகத்தையும் நேராகப் பார்க்காமலே வியாபாரம் செய்தார். பேசாமல் இருந்துவிட்டால் தன் பெயர் தப்பும். தெரு போகும், மகளும் போவாள். பேசினால் பெயர் போகும். குடும்ப மானம் இதில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அளக்க எந்த ஸ்கேலும் உதவவில்லை.

சபை கூடிய நாளில் பொதுமக்கள் பகுதியில் கடைத்தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் அரங்கின் ஏழு பேர். மகள் தகப்பனைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆபீஸ் வேலைக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டிய பெண்.

சபைத்தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சங்கத்தின் கடிதத்தை வாசித்தாள். "பதினான்கு பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வியாபாரிகளே வேண்டாம் என்னும்போது நாம் விவாதிக்க அதிகம் இல்லை."

தையல்காரர் எழுந்துவிட்டார். "நானா? நான் எப்பம்மா எழுதினேன்?"

அவருக்கு முன்னால் இன்னொருவர் எழுந்து நின்றிருந்தார். முதுகு வழக்கம்போல் நேராகத்தான் இருந்தது. 

"அம்மா, கையெழுத்து அவங்களோடது. கருத்து என்னோடது. அவங்க நம்பிக் கொடுத்த வெள்ளைத்தாள்ல நான் யாரையும் கேக்காம எழுதினேன். தப்பு. அந்தக் கடுதாசியை இப்பவே திருப்பி வாங்கிக்கிறேன். தலைவர் பதவியும் இனி எனக்கு வேணாம்."

 தடித்த மீசை உறுப்பினர் ஒருவர் சிரித்தார். "உங்க மகள் அங்க சம்பளம் வாங்குறாங்களாமே. அதான் மாத்திப் பேசுறீங்களா?"

"என் மகள் அங்க வேலை பாக்குறா. மேடைக்கு ஒளி அமைக்கிறவ. அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இந்தக் கடுதாசியையே எழுதினேன். இப்ப சபையில சொல்றேன், எழுதிக்குங்க." அவர் நிமிர்ந்து உறுப்பினரைப் பார்த்தார். "நாடகம் நடக்குற நாள்ல இருநூறு பேர் எங்க தெருவுல நடந்து வருவாங்க. டீ குடிப்பாங்க, சட்டை தைக்கக் கொடுப்பாங்க, பூட்டு வாங்குவாங்க. நீங்க வண்டி நிறுத்த இடம் கட்டினா இருநூறு வண்டி வரும். வண்டி டீ குடிக்காது. மூணு வாரம் அந்தக் கதவைப் பூட்டிப் பாத்தாச்சு. தையல் மிஷின் நின்னுச்சு, பால் கேன் பாதியாச்சு, என் கடையில திருகாணி தூங்குது. ஏழு பேர் சம்பளம்னு நெனச்சோம். அந்த ஏழு பேர் கையால ஒரு தெருவே சாப்பிட்டிருக்கு."

"அதுல நானும் உண்டு," என்றார் தச்சர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"நானும்தான்," என்றாள் தேநீர்க்கடை அக்கா. அதற்குப் பிறகு யார் சொன்னது என்று பிரித்தறிய முடியவில்லை. சபைத்தலைவி மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போய், சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சபை உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் பதினோரு கைகள் உயர்ந்தன. மூன்றுதான் உயரவில்லை. ஓராண்டுக்குக் கேட்ட மானியத்தை மூன்றாண்டுக்கு நீட்டித்து, அன்றே பூட்டைத் திறக்கச் சொல்லி உத்தரவு எழுதினார்கள். ஏழு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். சொல்ல நினைத்ததெல்லாம் அந்தப் பிடியில் இருந்தது.

வாசலில் தையல்காரர் வழிமறித்தார். "கையில கிடைச்சா ரெண்டு வார்த்தை கேப்பேன்னு சொன்னேன்."

"கேளுங்க."

"கேக்கத்தான் வந்தேன். உள்ளே நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "தலைவரா நீங்களே இருங்க. ஆனா இனிமே வெள்ளைத்தாள் கிடையாது. படிச்சிட்டுத்தான் கையெழுத்து."

"அதுதான் முறை," என்றார் ஸ்கேல் ஐயா.

எல்லோரும் அரங்கைத் திறக்கத் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தபோது, துணிக்கடைக்காரர் மெல்ல அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். "அடுத்த மாசம் புதுக்கடை திறக்குறேன். உங்க பொண்ணு வந்து கலர் கலரா லைட் போட்டுக் கொடுத்தா நல்லா இருக்கும். நம்ம வீட்டுப் பிள்ளைதானே, காசு கீசுன்னு எதுவும் கேக்காதில்ல?"

ஸ்கேல் ஐயா நின்றார். மகளும் நின்றாள், அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று.

"நீங்களும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். உங்க கடையில எனக்கு வேட்டி சும்மா கொடுப்பீங்களா?" என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி. "பாராட்டிட்டுப் போறதுக்கு அது பொழுதுபோக்கு இல்ல, தொழில். கலைஞன் கையில ஊர் கொடுக்குற பணம் தர்மம் இல்ல. நம்ம எல்லாரோட வியாபாரத்துக்கும் போட்ட முதல். அவ கேக்குற கூலியைப் பேசிக்கிட்டு, முன்பணத்தோட வாங்க. என் மகள் பெரிய வேலைக்காரி, அவளுக்கு நேரம் இருக்கான்னு முதல்ல கேட்டுக்குங்க."