ஜாடி சுண்டிய நகம்

விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நல்லமுத்து முதலாளியின் பீங்கான் கம்பெனியில் மெஷின்கள் குறைவு, பெருமை அதிகம். அந்தப் பெருமையில் பாதி, விருத்தகிரியின் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் இருந்தது.

அங்கே செய்தது ஊறுகாய் ஜாடி. சூளையிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு ஜாடியும் வைக்கோலுக்குள் போவதற்கு முன்னால் விருத்தகிரியிடம் வரும். அவர் விரலை மடக்கிக் கட்டைவிரலில் அழுத்தி நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். கிணீரென்றால் நல்ல ஜாடி. டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உடைசல் குவியலில் வீசிவிடுவார். மறுபேச்சு கிடையாது. கம்பெனியின் ஒரே மின்விசிறியும் ஒரே கை வைத்த நாற்காலியும் அவருக்குத்தான். ‘நகத்தால் சோதிக்கப்பட்டவை’ என்று முதலாளி பில் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார். பக்கத்தில் ஒரு விரல் படமும் போட்டிருந்தார். அது விருத்தகிரியின் விரல் இல்லை, அச்சகத்தில் கிடைத்த பழைய தேர்தல் விரல். ஆனாலும் விருத்தகிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நகத்தால் ரொம்பவும் அவதிப்பட்டவள் அவருடைய மனைவி ஆராயி. அவளும் அதே கொட்டகையில்தான் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றினாள். இருவரும் ஒன்றாக வேலைக்குப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். திரும்பியதும் அவர் கட்டிலுக்குப் போவார், அவள் அடுப்படிக்குப் போவாள். “ஒரு குடம் தண்ணி சேந்திக் குடுங்களேன்” என்றால், “கயிறு நகத்துல பட்டா என்னா ஆவறது?” என்பார். வெங்காயம் உரித்தால் நகம் மெலிந்துபோகும், பாத்திரம் தேய்த்தால் நகம் ஊறிப்போகும், துணி அலசினால் சொல்லவே வேண்டாம். பதினோரு வருஷமாக ஆராயி ஒரு நகத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி நாடகம் போட்டார். கதை அவருடையது, வசனம் அவருடையது, கதாநாயகனும் அவரே. ஐம்பத்திரண்டு வயதில் அவர் கல்லூரி மாணவனாக நடித்தார். யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? அந்த மாணவனைக் கெடுக்க வரும் பட்டணத்து நாகரிக மங்கை வேஷம் ஒல்லியாக இருந்த குற்றத்துக்காக விருத்தகிரிக்கு வந்தது. அவர் மறுப்பு சொல்லாமல் மீசையை எடுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது தன்னை அவருக்கே கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

நாகரிக மங்கைக்கு நீளமான சிவப்பு நகம் வேண்டும் என்று முதலாளி எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்டு அருகில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த கலீல் ரஹ்மானிடம் அது இருந்தது. குவைத்தில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய சின்ன டப்பாவுக்குள் பத்துப் பிளாஸ்டிக் நகங்கள்.

“எங்க வூட்டுல குடுத்தேன். இத மாட்டிக்கிட்டு சோறு எப்படிப் பெசையறதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. நீங்களாவது போட்டுப் பாருங்க” என்று கலீல் ரஹ்மான் சிரித்தார்.

டப்பாவிலிருந்த பசை காய்ந்து போயிருந்தது. கோந்து தடவி ஒத்திகை பார்த்தார்கள். மங்கை மாணவனின் கன்னத்தைத் தடவியபோது மூன்று நகங்கள் கன்னத்திலேயே தங்கிவிட்டன. முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. “காதல் சீன்ல நகம் உதுரக்கூடாதுய்யா!” என்றார்.

கம்பெனியில் இன்னொரு பசை இருந்தது. ஜாடி மூடியின் குமிழ் உடைந்தால் வாங்குகிறவருக்குத் தெரியாமல் ஒட்டி அனுப்புவதற்கென்று முதலாளி பூட்டி வைத்திருந்த, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்குகிற பசை. அதில் ஒட்டியதைச் சுத்தியலால் அடித்தால் மூடி உடையும், ஒட்டு உடையாது. இது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். விருத்தகிரிக்கு நன்றாகவே தெரியும். “மூடியே நிக்குது, நகம் நிக்காதா?” என்று பத்து விரலுக்கும் தடவிக்கொண்டார்.

நகம் நின்றது. நாடகத்திலும் நின்றது, நாடகம் முடிந்த பிறகும் நின்றது. வெந்நீர், மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம் எதற்கும் அசையவில்லை. பூஜை கழிந்து கம்பெனி திறந்த காலையில் விருத்தகிரி பத்துச் சிவப்பு நகங்களோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“நகம் எதுவா இருந்தா என்னா? கை என் கைதானே?” என்று சொல்லிவிட்டு முதல் ஜாடியைச் சுண்டினார்.

டொக்.

வீசினார். அடுத்தது. டொக். அதையும் வீசினார். ஆறாவது ஜாடியும் டொக்கென்றதும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. வேறு யாராவதாக இருந்தால் நகத்தின்மேல் ஒரு சந்தேகம் வந்திருக்கும். பதினோரு வருஷம் பொய் சொல்லாத நகம் அல்லவா? அவருக்கு உலகத்தின்மேல்தான் சந்தேகம் வந்தது. சூளைக்காரர் மாணிக்கவேலைக் கூப்பிட்டு, “என்னாய்யா சுட்டு வச்சிருக்கற? சூள பூரா வெடிப்பு!” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். முதலாளி ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் முன்னாலேயே இன்னும் ஐந்து ஜாடிகள் சுவர் தாண்டிப் போயின.

ஆராயிதான் எழுந்தாள். பன்னிரண்டாவது ஜாடியை அவர் கையிலிருந்து பிடுங்கி, குடத்துத் தண்ணீரை ஊற்றி வெறும் தரையில் வைத்தாள். எல்லாரும் தரையையே பார்த்தார்கள். நேரம் போயிற்று. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிறகு எல்லாருடைய பார்வையும் மெதுவாக ஜாடியிலிருந்து ஏறி, அந்தச் சிவப்பு நகத்தில் வந்து நின்றது.

மாணிக்கவேல் போய் ஒரு குறடு எடுத்துவந்தார்.

பிளாஸ்டிக் நகம் வந்தது, தனியாக வரவில்லை. சொந்த நகத்தின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வந்தது. பத்து விரலும் முடிந்தபோது விருத்தகிரிக்கு மிஞ்சியது வெங்காயச் சருகு மாதிரி பத்துத் துண்டு. வெள்ளை வெள்ளையாகத் திட்டு, வரி வரியாகக் கோடு. தண்ணீர் பட்டால் எரிந்தது, தலை சொறிந்தால் மடங்கியது.

முதலாளி தீர்ப்புச் சொன்னார். “நகம் தேறற வரைக்கும் மண்ணுக் களத்துக்குப் போ. நாற்காலில மாணிக்கவேல் ஒக்காரட்டும். சித்திர பொறக்கறதுக்குள்ள நீ சுண்டிக் காட்டுனா நாற்காலி ஒனக்கு. இல்லன்னா அவருக்கே.”

நாற்காலி போனால் விருத்தகிரி யார்? மண் குவியலுக்குக் காவல் நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். வெயிலில் நின்று பத்து விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் கலங்கியது. அது உண்மையான துக்கம், அதில் நாடகம் இல்லை.

வைத்தியம் தொடங்கியது. விருத்தாசலத்தில் நகத்துக்கு மருந்து தெரியாதவர் ஒருவர்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் மருதாணி என்றார், இன்னொருவர் பூண்டு என்றார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மண் ஏற்றிவந்த வண்டிக்காரர் முட்டை வெள்ளைக்கருவில் சுண்ணாம்பைக் குழைக்கச் சொன்னார். கலீல் ரஹ்மான் நல்ல மனதோடு ஒரு நகப்பூச்சைக் கொடுத்து, “இதப் பூசுனா கெட்டியாவும்னு போட்டிருக்குது” என்றார். விருத்தகிரி யாரையும் மனம் நோகவிடவில்லை. எல்லாவற்றையும் போட்டார். ஒன்றை எடுக்க இன்னொன்றைச் சுரண்டினார். ஒரு மாதத்தில் இருந்த சருகும் பிளந்துகொண்டது.

கடைசியில் ஆராயி அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பத்து விரலையும் திருப்பிப் பார்த்தார். “என்னல்லாம் போட்டீங்க?” என்று கேட்டார். விருத்தகிரி சொல்லி முடிக்கும்போது அடுத்த நோயாளி உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்.

“அத்தனையும் நிறுத்துங்க. அதுதான் மருந்து.”

“அப்புறம் என்னாங்க போடறது?”

“தேங்காயெண்ணெய் தடவுங்க, போதும். நகத்த ஒட்ட வெட்டிடுங்க. பிய்க்காதீங்க, சுரண்டாதீங்க. பருப்பு, கீரை, முட்டை சாப்பிடுங்க. கெட்டுப்போன நகம் தேறாது, அடியிலேர்ந்து புதுசுதான் வரணும். இதோ, தோல் ஓரமா ஒரு கோடு தெரியுது பாருங்க. இந்தக் கோடு நுனிக்கு வரணும். நாலஞ்சு மாசம் ஆவும். அது வரைக்கும் ஈரத்துல அதிகம் கை வைக்காதீங்க.”

இத்தனை சொன்னதில் விருத்தகிரியின் மனதில் பளிச்சென்று பதிந்தது கடைசி வாக்கியம்தான். வெளியே வந்ததும், “கேட்டுக்கிட்டியா ஆராயி? ஈரத்துல கை வைக்கக்கூடாது. இது டாக்டரம்மா உத்தரவு” என்றார்.

“இதுக்கு முன்னாடி யாரு உத்தரவு?” என்றாள் அவள்.

கோடு நகர்ந்தது. விருத்தகிரி காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கோட்டைத்தான் பார்த்தார். மார்கழியில் கால் பங்கு, தை கழிந்து பாதி. கோட்டுக்குக் கீழே புது நகம் ரோஜா நிறத்தில் வழவழவென்று வந்தது. ‘சீக்கிரம் வா, சீக்கிரம் வா’ என்று அதனிடம் கெஞ்சினார்.

அங்கே நாற்காலியில் மாணிக்கவேலும் மாறிக்கொண்டிருந்தார். நகம் வளர்த்தார். வெள்ளிக்கிழமைகளில் முதலாளியே அதற்குச் சந்தனம் வைத்தார். மாணிக்கவேல் வீட்டிலும் இப்போது தண்ணீர் சேந்துவதில்லை என்று பேச்சு. ஆனால் அவர் சுண்டி அனுப்பிய ஜாடிகளில் ஒன்று சேத்தியாத்தோப்புக் கல்யாண வீட்டில் பந்தியின் நடுவே கசிந்து, மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மாங்காய்ச் சாறு இறங்கியது. “நகம் இன்னும் முத்தல” என்று முதலாளி சமாதானம் சொன்னார்.

பங்குனியில் புதுச்சேரி ஊறுகாய் வியாபாரி கசிந்த ஜாடியோடு நேரிலேயே வந்துவிட்டார். “எங்கய்யா அந்த நகம்? என் கண்ணு முன்னாடி சுண்டிக் காட்டுங்க. இல்லன்னா இன்னையோட சரி” என்றார். மாணிக்கவேல் பத்து ஜாடி சுண்டி, பத்தும் நல்லது என்றார். வியாபாரி தண்ணீர் ஊற்றினார். மூன்று கசிந்தன. முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மண் களத்துக்கு ஆள் அனுப்பினார்.

விருத்தகிரி வந்தார். கோடு முக்கால்தான் ஏறியிருந்தது. இப்போது சுண்டினால் நுனி பிளக்கும், பிளந்தது புது நகத்துக்குள்ளும் ஓடும். சுண்டாவிட்டால் நாற்காலி போகும். கொட்டகையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரலை மடக்கினார், மறுபடி விரித்தார். பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னால் ஆராயி வழக்கம்போல ஒரு ஜாடியைத் தூக்கி வைக்கோலில் வைத்தாள். அவள் கண்ணாடி வளையல் ஜாடியில் இடித்தது.

“அத சுத்தாத ஆராயி. வெடிப்பு” என்றார் விருத்தகிரி, திரும்பாமலேயே.

வியாபாரி அந்த ஜாடியில் தண்ணீர் ஊற்றினார். அடியில் மெல்ல ஈரம் படர்ந்தது. அவர் இன்னொரு ஜாடியைக் காட்ட, ஆராயி வளையலால் தட்டினாள். “நல்லது.” இன்னொன்று. “நல்லது.” அடுத்தது. “வெடிப்பு, கழுத்துக்கிட்ட.” பதினைந்து ஜாடிகள் ஆயின. ஒன்றுகூடத் தவறவில்லை. விருத்தகிரியின் முகத்தில்தான் எல்லாரையும்விட அதிக ஆச்சரியம். பதினோரு வருஷமாக நகத்துக்கு எண்ணெய் தடவி வந்தவர், காதில் இருந்த அழுக்கைக்கூட எடுத்ததில்லை.

வியாபாரி முன்னைவிடப் பெரிய ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி உடனே எல்லாரையும் கூப்பிட்டார். “இது வெளிய போவக்கூடாது. பில்லு புக்குல விரல அடிச்சாச்சு. காத அடிச்சா நல்லாவா இருக்கும்?” என்றார். அன்றே நாற்காலி விருத்தகிரிக்கு வந்தது. நகம் தேறும் வரை ஆராயி வளையலால் தட்டுவது என்றும் ஏற்பாடாயிற்று. மாணிக்கவேல் நகத்தை வெட்டிவிட்டு நிம்மதியாகச் சூளைக்குப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது விருத்தகிரிக்குத் தரையில் கால் பாவவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆராயி கேட்டாள்.

“ஏங்க, வேல செஞ்சது காதுதானே?”

“ஆமா.”

“காதுக்கும் பாத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லல்ல?”

விருத்தகிரி அவசரமாக விரலை நீட்டினார். “டாக்டரம்மா உத்தரவு! கோடு இன்னும் நுனிக்கு வரல பாரு.”

“சரிங்க. வரட்டும்” என்றாள் ஆராயி. அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையிலிருந்து அவருக்கு முன்னால் அவள் எழுந்து அவர் விரலைப் பிடித்துக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினாள். தேங்காயெண்ணெய் அவளே தடவினாள். முருங்கைக்கீரை, பருப்பு, தினம் ஒரு முட்டை. இப்படி ஒரு கவனிப்பு கல்யாணமான புதிதில்கூடக் கிடைத்ததில்லை. ‘மெதுவா வா, மெதுவா வா’ என்று விருத்தகிரி கோட்டிடம் கெஞ்சினார். அது கேட்கவில்லை, கீரை தின்ற வேகத்தில் ஓடியது.

சித்திரை இரண்டாம் தேதி மாலை, கோடு நுனியைத் தொட்டது. ஆராயி பக்கத்தில் உட்கார்ந்து கெட்டுப்போன கடைசித் துணுக்கை நறுக்கி எடுத்தாள். பத்து விரலிலும் பத்து முழு நகம், குழந்தைக்கு இருப்பது போல ரோஜா நிறம். விருத்தகிரி இரண்டு கையையும் பார்த்தார். இவ்வளவு ஆரோக்கியமாக இருந்தும் ஒரு மனிதன் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

ஆராயி எழுந்துபோய் மீன்குழம்பு வைத்த மண்சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்தாள். பழக்க தோஷம், அவர் விரலை மடக்கிச் சட்டியைச் சுண்டினார். புது நகம் தாங்கியது. ணங்கென்று சுத்தமாகச் சத்தம் வந்தது.

“வெடிப்பு இல்லல்ல?” என்றாள் ஆராயி. “தேயுங்க.”