நெல் இல்லாமல் ஓடிய மில்

உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றியபோது ஜனார்த்தனனும் பின்வரிசையில் வந்து சேர்ந்துகொண்டான். தலையில் கைக்குட்டை கட்டியிருந்தான். கழுத்தில் ஹெட்போன் அப்போதும் தொங்கியது. ஜனாஸா வீட்டுக்குக்கூட அதைக் கழற்றிவைத்துவிட்டு வரத் தெரியவில்லையே இந்தப் பிறவிக்கு என்று ஜன்னலுக்குள் நின்ற றம்லா பல்லைக் கடித்தாள்.

அவளுடைய வாப்பா மீராசாகிபுவின் அரிசி மில் நெளுக்குளத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த ஜனார்த்தனனின் இசைக்குழு, மில் ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று கேட்டது. கல் உடைக்கிற மிஷினையும் ஐஸ் பெக்டரியையும் ஏற்கெனவே முடித்துவிட்டார்களாம். பாட்டில்லை, தாளமில்லை, இரைச்சலுக்கு இசை என்று பெயர் வைத்து, வெளிநாட்டில் போட்டுக் கைதட்டல் வாங்குகிற கூட்டம். வாப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. தானே நெல் கொட்டி ஓட்டிக் காட்டப் போனவர், நேற்றுப் பின்னேரம் மையித்தாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தால் விழுந்து கிடந்தார், ஒரு நொடியில் முடிந்துவிட்டது என்று ஜனார்த்தனன் சொல்லியிருந்தான். அவனைப் பிடிக்காவிட்டாலும் அந்தச் சொல்லை றம்லா இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாப்பா கஷ்டப்படவில்லை. யாரையும் கூப்பிட்டுப் பார்த்துக் கிடக்கவில்லை. அவளுக்கு அது போதும்.

ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போய்விட்டார்கள். குழுவில் இருந்த ஒரே பெண்ணான யதுர்ஷிகா, பெண்களோடு வீட்டில் தங்கிவிட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு றம்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தப் பதிவுக்கு ஐயாவின் பெயரையே வைக்கப்போகிறோம் என்றாள், பெரிய பட்டம் கொடுக்கிற மாதிரி. றம்லாவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யதுர்ஷிகா தன் ஹெட்போனை நீட்டினாள்.

"கேட்டுப் பாருங்கோ அக்கா. நடுவில மிஷின்ர சத்தம் தானாவே மாறுது. எங்களுக்குக் கிடைச்ச பெரிய விஷயம் அதுதான். பின்னால ஒரு குரல் வரும், அதைக் கவனிக்காதேங்கோ. பிறகு வெட்டிடுவம்."

காதுக்குள் மில் ஓடியது. நெல் சரசரவென்று இறங்கியது. பிறகு நெல் தீர்ந்து, மிஷின் வெறுமனே கத்தத் தொடங்கியது. மில்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்படிக் கத்தினால் ஓடிப்போய் நிறுத்தவேண்டும் என்று. யாரும் நிறுத்தவில்லை. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது.

"தம்பி," என்றது வாப்பாவின் குரல். கொஞ்சம் பொறுத்து, "தண்ணி கொஞ்சம்." இன்னும் பொறுத்து, "தம்பி."

றம்லா ஹெட்போனைக் கழற்றினாள்.

"பதியேக்க நீங்கள் எல்லாரும் இதைக் காதில போட்டிருந்தனீங்களோ?"

"ஓம் அக்கா. போட்டாத்தானே சின்னச் சத்தமும்..." என்ற யதுர்ஷிகா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

றம்லா எழுந்து குசினிக்குள் போனாள். ஒரு கிளாஸில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நீட்டினாள்.

"குடிங்கோ."

யதுர்ஷிகா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. றம்லாவும் கிளாஸை இறக்கவில்லை.