மத்தியானக் கோடு

கிருஷ்ணகுமாரிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் கைப்பேசியைப் பார்க்கத் தோன்றியது. "யுகேந்திரன் எடுக்கும் அளவுகளை நம்ப முடியவில்லை. அவனை வேறு ஆய்வுக்கு மாற்றிவிடலாம்" என்று பேராசிரியர் ஜெயசங்கருக்கு விடிந்ததும் அனுப்பிய செய்தியில் இரண்டு நீலக் குறிகள் விழுந்துவிட்டன. பதில்தான் இல்லை. மனிதர் சிங்கப்பூரில் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

மாற்றினால் யுகேந்திரன் முதுகலை ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூலாய் ஊரிலிருந்து மழையோ வெயிலோ மோட்டாரில் வந்துவிடுகிறவன். அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். ஆனால் ஆய்விதழுக்குக் கட்டுரை போயாக வேண்டுமே, அவளும் என்னதான் செய்வாள்?

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் பூ விடும் வாசனைக்கு எஸ்ட்ராகோல் என்று பெயர். கடற்காற்றின் உப்பிலிருந்து பிறக்கும் குளோரின் அணுக்கள் அதை எவ்வளவு வேகமாகத் தின்கின்றன என்று அளப்பதுதான் இருவரின் வேலை. கட்டில் அகலப் பிளாஸ்டிக் பையில் எஸ்ட்ராகோலையும், வேகம் ஏற்கெனவே தெரிந்த இன்னொரு வாயுவையும், துளி குளோரினையும் அடைத்து விளக்கைப் போட்டால், குளோரின் அணுக்களாக உடைந்து இரண்டையும் தின்னத் தொடங்கும். இடையிடையே ஊசியால் எடுத்துக் கருவியில் கொடுத்து, எது எவ்வளவு குறைந்தது என்று வரைபடத்தில் குறித்தால் நேர்க்கோடு வரவேண்டும். காலையில் அவள் எடுத்தால் கோடு நூல் பிடித்தாற்போல் போனது. மத்தியானம் யுகேந்திரன் எடுத்தால் போகப் போகச் சரிந்தது, உண்ட மயக்கம் கோட்டுக்கும் வந்ததுபோல.

கவனமில்லாதவன் என்றாலாவது திட்டித் தீர்க்கலாம். அவனோ தடித்த கண்ணாடியோடு ஊசியை மூக்குக்கு நேரே பிடித்து, அதன் நுனியில் வாயுவைப் பிடிக்கும் மெல்லிய இழை ஒழுங்காக நீள்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்த பிறகுதான் பையில் குத்துவான்.

இன்றும் அவள் கொண்டுவந்த புளிச்சோற்றை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அவன் அதிகம் பேசவில்லை. அதுவே நல்லது என்று அவளுக்குப் பட்டது. எப்போதும்போல டப்பாவைத் திறந்து அவன் உள்ளங்கையில் சோம்பைக் கொட்டியபோது அவளுக்கே கூசியது. காலையில் ஆளைப் போட்டுக் கொடுத்துவிட்டு மத்தியானம் சோம்பு!

அவன் பையருகே போனான், அவள் கருவியின் திரை முன் உட்கார்ந்தாள். திரைக் கோட்டில் எஸ்ட்ராகோலைக் காட்டும் மேடு எழுந்து விழுந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் ஓடவிட்டால் நேரம் வீண் என்பது அவளே போட்ட சட்டம். இன்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிறுத்த மறந்துபோனாள். நிமிர்ந்தபோது, திரையில் தள்ளி இன்னொரு மேடு நெடுநெடுவென்று நின்றது. அவர்கள் பையில் போடவே போடாத பொருள். கருவி அதற்குப் பெயரும் சொன்னது: அனெத்தோல்.

சோம்பின் மணமே அதுதான். கூடவே சோம்பில் எஸ்ட்ராகோலும் கொஞ்சம் உண்டு. கிருஷ்ணகுமாரி மெல்லத் திரும்பினாள். யுகேந்திரன் சோம்பை மென்றபடியே ஊசியை வாயருகே பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பையில் உள்ளது குறையக் குறைய, அவன் மூச்சிலிருந்து ஒட்டுவது மட்டும் குறைவதில்லை. கோடு சரியாமல் என்ன செய்யும்?

"யுகேன், நிறுத்து! போய் வாயக் கொப்புளிச்சிட்டு வா. பல்லும் தேய்ச்சிரு. புது இழை, புதுப் பை. மொதல்லேருந்து போலாம்."

அவன் ஊசியை இறக்கினான். "ஏன்க்கா, எம்மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல லா. சொன்னதச் செய்."

வெளிச்சம் மங்குவதற்குள் புள்ளிகள் எல்லாம் விழுந்துவிட்டன. அவளுடைய காலைக் கோட்டின் மேலேயே அவன் கோடும் போய் உட்கார்ந்தது. அவள் கைப்பேசியில் பேராசிரியரை அழைத்தபடி நடைபாதைக்கு ஓடினாள்.

"சார், தப்பு என்னோடது. அவன் அளவுல ஒண்ணும் கோளாறு இல்ல. நான் குடுத்த சோம்புதான் சார்."

சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பாலத்து நெரிசலில் யாரோ ஹாரன் அடிப்பது கேட்டது. "அலமாக்!" என்று பதறினார் ஜெயசங்கர். "காலையிலேயே அவனக் கூப்பிட்டுச் சொல்லிட்டேனே. அடுத்த வாரத்திலேருந்து வேற லேப்னு. நீங்கதான் கேட்டீங்கன்னும் சொன்னேன். சரி, மாத்தல. ஆனா அவன்கிட்ட நீங்கதான் பேசணும்."

அப்படியென்றால் தெரிந்தேதான் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். தெரிந்தேதான் கையை நீட்டியிருக்கிறான். அவமானத்தில் அவளுக்குக் காது கொதித்தது.

உள்ளே அவன் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்புறம் எதுக்குடா எங்கிட்ட சோம்பு வாங்குன?"

"நீங்க குடுத்தீங்க." கடைசி விளக்கில் கை வைத்தபடி நின்றான். "எப்படிக்கா வேணாங்கறது?"

"மன்னிச்சிரு யுகேன்" என்றாள். நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முடித்ததும் அவன் கிட்டே வந்து உள்ளங்கையை நீட்டினான்.

"வேலதான் முடிஞ்சிருச்சே. இப்பக் குடுக்கலாம்ல?"

அவள் டப்பாவைச் சாய்த்தாள். அவன் கை நிரம்பித் தரையில் கொட்டிய பிறகுதான் நிமிர்த்தினாள்.